பின்னணியை அணைக்கவும்

“பரீட்சைக்கு முன்னாடி எல்லாரும் பின்னணிப் படத்த எடுத்துட்டு, ரூம ஒரு தடவ சுத்திக் காட்டிடுங்க. சொல்லிக் கொடுக்க ஆள் கீள் ஒளிஞ்சிருந்தா நான் பாக்கணும்ல” என்றார் சார்.

நான் போனை இன்னும் முகத்துக்குப் பக்கத்தில் இழுத்துக்கொண்டேன்.

என் பின்னணிப் படம் ஒரு புத்தக அலமாரி. தரையிலிருந்து கூரைவரை புத்தகங்கள், ஓரத்தில் சாய்த்து வைத்த ஏணி. இந்த மாலை வகுப்பு தொடங்கிய நாளிலிருந்து போன் திரையில் அதற்கு முன்னால்தான் உட்கார்ந்திருக்கிறேன். வகுப்பில் எனக்கு லைப்ரரி என்றே பெயர்.

உண்மையில் நான் உட்கார்ந்திருப்பது ஒரு ஹோட்டலின் சலவைக்கூடத்தில், கவிழ்த்துப் போட்ட துணிக்கூடையின் மேல், காதுக்கருவியை மாட்டிக்கொண்டு. பின்னால் துவைக்கும் இயந்திரங்கள். முன்னால் நீளக் கம்பியில் காயும் படுக்கை விரிப்புகள்.

அறிமுகத்தின்போது, “தூய்மை நிர்வாகத்தில் இருக்கிறேன்” என்று சொன்னேன். பொய்யில்லை. உண்மையும் இல்லையோ என்று தோன்றும்போதெல்லாம், பொய்யில்லை என்று எனக்கு நானே மறுபடி சொல்லிக்கொள்வேன்.

சார் பார்த்தால் பார்க்கட்டும். திரைச்சீலை பார்த்துவிடுவார் என்பதுதான் பயம்.

திரைச்சீலை என்பது அவருக்கு வகுப்பு வைத்த பெயர். எப்போதும் ஒரு வெள்ளைத் திரைக்கு முன்னால் உட்கார்ந்திருப்பார். விருந்தினர் பராமரிப்பில் வேலை. ஒவ்வொரு சொல்லையும் துடைத்து வைப்பதுபோல் பேசுவார். அலுவலக நிர்வாகம் படிக்கிற எங்கள் கூட்டத்தில், ஏற்கெனவே ஓர் அலுவலகத்தில் இருப்பவரைப்போல் தெரிந்தவர் அவர் ஒருவர்தான்.

அவர் ஒருமுறை எனக்கு மட்டும் செய்தி அனுப்பினார்: உங்களுக்குப் பின்னால் இருக்கும் புத்தகங்களையெல்லாம் படித்துவிட்டீர்களா?

பாதிதான் என்று பதில் போட்டேன்.

பிறகு அந்தப் பதிலை எத்தனையோ தடவை எடுத்துப் பார்த்தேன். ‘பாதி’ அதிகமோ?

அவரிடம் ஒரு வழக்கம் உண்டு. எங்கள் இயந்திரத்தில் ஒரு சுற்று முடிந்தால் மணி அலறும். அலறுவதற்குள் நான் மைக்கை அணைத்துவிடுவேன். அதே நொடியில் அவருடைய மைக்கும் அணையும். என்னைக் கிண்டல் செய்கிறாரோ என்று முதலில் நினைத்தேன். பிறகு, நான் தனியாகத் தெரியக்கூடாது என்று துணைக்கு அணைக்கிறார் என்று முடிவு செய்தேன். அந்த முடிவு எனக்குப் பிடித்திருந்தது.

நான் பேசினால் எதிரொலி வருவதாக சார் குறைப்படுவார். அலமாரி ரொம்பப் பெரிசுல்ல சார் என்று யாராவது சொல்வார்கள். எல்லோரும் சிரிப்பார்கள். அவர் மட்டும் சிரிக்கமாட்டார்.

அப்படிப்பட்ட ஒருவர் இந்த இடத்தைப் பார்க்கப்போகிறார். இந்த இடத்தின் பேச்சும் காதில் விழுந்துவிட்டால்?

விரிப்புக் கம்பிக்கு அந்தப் பக்கம் இஸ்திரிப் பிரிவு. அவர்களுக்கு வேறு வாசல், தேநீருக்கு வேறு நேரம். நான் தொங்கவிடுவதை அவர்கள் அங்கிருந்து உருவிக்கொள்வார்கள். முகம் தெரியாது. ஒருத்தியின் தொண்டை மட்டும் தெரியும்.

“எவடி இதப் பிழிஞ்சவ? துணிய அனுப்புனியா, கொளத்த அனுப்புனியா?”

“ஒன் வாய்ச்சூட்டுலயே தேயேன், தானா காஞ்சிடும்!” என்பேன் நான்.

பகலெல்லாம் இதுதான் எங்கள் உறவு. இன்று மத்தியானம்கூட நடந்தது.

“மொதல்ல திரைச்சீலை” என்றார் சார்.

அவர் உடனே போனைத் திருப்பவில்லை. வழக்கமாக நிமிர்ந்திருக்கும் முகம் குனிந்தது. வெளிச்சம் போதாது, நாளைக்குக் காட்டட்டுமா என்று கேட்டார். நான் கேட்க நினைத்திருந்த அதே சாக்கு.

அப்போது என் இயந்திரம் சுற்றை முடிக்கப் பார்த்தது. மைக்கை அணைத்தேன். அவருடையதும் அணைந்தது. மணி அலறி ஓய்ந்ததும் இரண்டு மைக்கும் மறுபடி திறந்தன.

“நீங்க ரெண்டு பேரும் பேசி வச்சுக்கிட்டுப் பண்றீங்களா?” என்றார் சார்.

திரைச்சீலை போனைத் திருப்பினார்.

ஒரு மேசை வந்தது. மடித்து அடுக்கிய துணி வந்தது. கடைசியில் அந்த வெள்ளைத் திரை, மேலிருந்து கீழ்வரை. அதன் கீழ் மூலையில் ஒரு முடிச்சு.

இரட்டை முடிச்சு.

கிழிந்த விரிப்பு அறைகளுக்குப் போய்விடக்கூடாது என்று அதன் மூலையில் இரட்டை முடிச்சுப் போட்டுவிடுவேன். அதை யாரும் உருவமாட்டார்கள், கம்பியிலேயே கிடக்கும். நானாக ஏற்படுத்திக்கொண்ட முறை. வேறு யாரும் செய்வதில்லை.

போனிலிருந்து கண்ணை எடுத்தேன். என் முழங்காலுக்கு நேராக, அதே முடிச்சு தொங்கிக்கொண்டிருந்தது.

“அடுத்தது லைப்ரரி.”

நான் நன்றாக யோசித்துச் செய்தேன் என்று சொல்லமுடியாது. அலமாரியை அணைத்தேன். புத்தகங்கள் போய் இயந்திரங்கள் வந்தன. போனைச் சுற்றிக் காட்டவில்லை. எழுந்து, எனக்கு முன்னால் தொங்கிய விரிப்பைப் பிடித்து விலக்கினேன்.

திரையில், அவருடைய கட்டத்துக்குள், வெள்ளைத் துணியின் ஓரத்தில் என் விரல்கள் தெரிந்தன. சோப்புத் தண்ணீரில் ஊறிச் சுருங்கிய விரல்கள்.

அவள் திரும்பிப் பார்த்தாள்.

“அடிப்பாவி, அந்தப் பிழியத் தெரியாதவ நீதானா?”

காதுக்கருவியில் ஒரு தடவை, நேரில் ஒரு தடவை.

இருவருமே மைக்கை அணைத்திருக்கவில்லை.