வால்வுக்கு ஒரு பூட்டு

"மூடுப்பா அந்த வால்வை! வேடிக்கை பார்க்கவா உன்னைக் கூப்பிட்டேன்?"

குடியிருப்புச் சங்கச் செயலாளர் அம்மாள் போட்ட சத்தத்தில் பிளம்பரின் கையிலிருந்த ஸ்பானர் நழுவிக் கீழே விழுந்தது. மாடி நடையில், இரண்டு வீட்டு வாசல்களுக்கும் நடுவே குழாய் அலமாரி திறந்து கிடந்தது. உள்ளே அடுத்தடுத்து இரண்டு தண்ணீர் மீட்டர்கள், ஒவ்வொன்றுக்கும் ஒரு வால்வு. ஒன்று அவள் வீட்டுக்கு, இன்னொன்று கையைப் பிசைந்துகொண்டு நிற்கும் பக்கத்து வீட்டுக்காரிக்கு.

"அக்கா, மாமனார் படுத்த படுக்கையா கிடக்காரு. நாள் முழுக்கத் துணி மாத்தணும். தண்ணி இல்லாம நான் என்னக்கா பண்ணுவேன்?"

"அக்கான்னு குழையாதே! அதுக்காக ஊர்த் தண்ணியை எல்லாம் நீயே காலி பண்ணுவியா? இந்தக் கட்டடத்திலேயே உன் மீட்டர்தான் பேய் மாதிரி சுத்துது."

"துணி அலசின தண்ணியைத்தான் கக்கூஸுக்கு ஊத்துறேன். அரிசி கழுவின தண்ணியைக்கூட வீணாக்கறதில்ல. மீட்டர்ல ஏதோ கோளாறுக்கா. ஒரு தடவை பார்க்கச் சொல்லுங்க."

"என்ன கோளாறு? ரெண்டுக்கும் நானே நின்னு நம்பர் ஒட்டினேன். இடது வாசலுக்கு இடது மீட்டர், வலது வாசலுக்கு வலது மீட்டர். மீட்டருக்குப் பொய் சொல்லத் தெரியாது. உனக்குத்தான் தெரியும்!"

அவள் கோபத்திலும் நியாயம் இல்லாமல் இல்லை. போர்வெல் வறண்டு, தண்ணீர் லாரிக்குத் தவம் கிடந்த கட்டடம் அது. ஒவ்வொரு வீட்டோடும் மல்லுக்கட்டி மீட்டர் மாட்ட வைத்தவள் அவள்தான். அளவு மீறினால் திங்கட்கிழமை வரை வால்வுக்குப் பூட்டு என்று விதி கொண்டுவந்தவளும் அவள்தான். பால்கனி முழுக்கச் செடி வளர்த்தும் அவள் வீட்டு மீட்டர் நத்தையாக நகர்வதைப் பார்த்து, கூட்டத்தில் எல்லோரும் கைதட்டியிருக்கிறார்கள். அப்படிப்பட்டவளுக்குப் பக்கத்திலேயே இப்படி ஒரு ஊதாரி!

ஊருக்குக் கிளம்பிய சங்கத் தலைவர் பெட்டியோடு இறங்கி வந்தார்.

"பெரியவர் முடியாம இருக்காரும்மா. இந்த ஒரு தடவை சொல்லி எச்சரிச்சு விட்டுடலாமே?"

"நீங்க இப்படி விட்டுக் கொடுத்துத்தான் சார் எல்லாரும் தலைமேல ஏறி உட்கார்றாங்க! விதின்னா எல்லாருக்கும் விதிதான். யாருக்காகவும் மாத்த முடியாது."

பிளம்பர் பக்கத்து வீட்டு நம்பர் ஒட்டிய இடது வால்வைத் திருகி மூடிப் பூட்டைப் போட்டார். அவள் சாவியைப் பிடுங்கித் தலைவர் கையில் திணித்தாள்.

"இதை நீங்களே எடுத்துட்டுப் போயிடுங்க. இங்க இருந்தா இவ அழுது கிழுது காரியம் சாதிச்சுடுவா."

தலைவர் சாவியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு படியிறங்கினார். கீழே கார் கிளம்பும் சத்தம் கேட்டது.

பக்கத்து வீட்டுக்காரியின் முகம் சிவந்துவிட்டது.

"படுத்துக் கிடக்கிற மனுஷனை நாற விடுறீங்க. நல்லா இருங்க!"

கதவைப் படாரென்று அறைந்து சாத்தினாள்.

"திமிரைப் பாரு!" என்று முணுமுணுத்தபடி செயலாளர் அம்மாள் உள்ளே வந்து நாற்காலியில் தொப்பென்று உட்கார்ந்தாள். மின்விசிறியைக் கூட்டி வைத்தாள்.

அப்போதுதான் அந்தச் சத்தம் கேட்டது. சுவருக்கு அந்தப் பக்கம், வாளியில் தண்ணீர் கொட்டும் சத்தம். சொட்டுச் சொட்டாக இல்லை, கொடகொடவென்று.

அவளுக்குக் கோபம் தலைக்கேறியது.

"அடிப்பாவி! பூட்டை உடைச்சுட்டாளா?"

கதவைத் திறந்துகொண்டு ஓடினாள். பிளம்பர் சாமான்களைப் பையில் போட்டுக்கொண்டிருந்தார். அலமாரிக்குள் எட்டிப் பார்த்தாள். பூட்டு போட்டபடியே இருந்தது. இழுத்துப் பார்த்தாள், அசையவில்லை. பக்கத்து வீட்டுக் குழாயோ இன்னும் கொட்டிக்கொண்டிருந்தது.

அவள் வீட்டுக் குளியலறையிலிருந்து கணவர் கட்டடமே அதிரக் கத்தினார்.

"ஏய்! தலை முழுக்க சோப்பு, கண்ணு எரியுது, சொட்டுத் தண்ணி வரலை! எந்த மடையன் நம்ம வால்வை மூடினது?"