கீழ்த்தளத்து அறை

கைசா சமையலறைக்குள் வந்தபோது அப்பா ஃபோனில் பேசிக்கொண்டிருந்தார். மூக்கில் ஆக்சிஜன் குழாய். தட்டில் பாதி தின்ற இறைச்சி அப்பம் ஆறிக் கிடந்தது.

உட்காரச் சொல்லிக் கை காட்டினார்.

டிசம்பரிலேயே பட்டம் வாங்கிவிடுகிறேன் என்று சொல்லத்தான் கல்லூரியிலிருந்து வண்டி ஓட்டி வந்திருந்தாள். கோடை விடுமுறையிலும் படித்ததில் பாடங்கள் அநேகமாக முடிந்துவிட்டன. மற்றவர்களைப் போல மே மாதம்வரை இருக்க வேண்டியதில்லை. வெள்ளிக்கிழமைக்குள் கல்லூரிக்குச் சொன்னால் போதும்.

மே வரை இருந்தால், பாலம்.

ஏப்ரலில் கல்லூரிகளுக்கிடையே நடக்கும் எஃகுப் பாலப் போட்டிக்கு அவள்தான் அணித்தலைவி. வரைபடமும் அவளுடையது. போன வருடம் பாலத்தின் ஒரு துண்டை வீட்டுக் கொட்டகையில் பொருத்திப் பார்த்தபோது, அப்பா அதன்மேல் ஏறிக் குதித்தார்.

"ஆடுதே, இன்ஜினியரம்மா."

ஆடவில்லை.

அடுத்த வசந்தம் வரை அப்பாவின் உடம்பு தாங்காது என்று மருத்துவர் அப்பா, அம்மா, அவள் மூன்று பேரையும் உட்காரவைத்துச் சொன்னார். அப்பா தலையாட்டிவிட்டு, வண்டி நிறுத்தக் காசு கட்டிய நேரம் முடிந்திருக்குமே என்றார். அதன்பிறகு அந்தப் பேச்சே இல்லை. படகுக்கு வண்ணம் வாங்கி வைத்தார், பனி உருகியதும் பூச.

கட்டிலைக் கீழே போடலாம் என்று அம்மா சொன்னதற்கு, "எனக்கென்ன கேடு" என்றார். இப்போதும் மாடியில்தான் படுக்கை. ஏறும்போது பாதியில் நின்று, சுவரில் மாட்டியிருக்கும் படங்களைப் பார்ப்பார். வெகுநேரம் பார்ப்பார்.

டிசம்பர் என்று சொன்னால், இன்னொன்றையும் சொன்னதாக ஆகிவிடும்.

"மே மாசந்தாம்மா. பட்டமளிப்புக்கு முதல் நாள் ராத்திரி," என்று அப்பா ஃபோனில் சொன்னார்.

அந்த வாரம் கல்லூரி ஊரில் எந்த விடுதியிலும் இடம் இருக்காது. ஒரு வருடம் முன்பே பிடித்து வைத்துவிடுவார்கள். எங்கோ ஓர் அறை காலியானதைக் கேட்டுப் பிடித்திருக்கிறார்.

நம்புகிறார் என்று நினைத்தாள். அதைக் கெடுக்க நான் யார்? ஒன்றும் சொல்லாமல் திரும்பிவிடலாம்.

பாலமும் கிடைக்கும்.

அந்த நினைப்பு அவ்வளவு சுலபமாக வந்ததில் அவளுக்குத் தன்மேலேயே கசப்பு வந்தது.

"இல்லம்மா, ஒரே ஆளுதான். என் வீட்டுக்காரி, மார்லிஸ். ஒரு கட்டில் போதும்."

அப்பா ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார். குரலில் எந்த மாற்றமும் இல்லை.

"அப்பா, நான் டிசம்பர்லயே முடிச்சுடறேன்."

ஃபோனைக் கையால் பொத்தினார்.

"அப்ப பாலம்?"

"பசங்க பூட்டிக்குவாங்க."

விரல்களுக்கடியில் ஒரு பெண்குரல் ஹலோ ஹலோ என்றது. ஆறிய அப்பத்தைக் கொஞ்சம் தள்ளி வைத்தார். மறுபடி அருகே இழுத்துக்கொண்டார்.

பிறகு கையை எடுத்தார்.

"மே மாசம் வேணாம்மா, அதை வேற யாருக்காவது குடுத்துருங்க. டிசம்பர்ல இருக்கா? ரெண்டு பேரு."

மூச்சு வாங்கினார்.

"கீழ ரூமா பாருங்க. என்னால படியேற முடியாது."