நாற்பத்தோராவது தாள்

நாற்பத்தோராவது தாளைப் பிரித்தவளின் கை அப்படியே நின்றது.

பச்சை மை.

அந்தக் கல்லூரியில் பச்சை மையில் எழுதுகிறவர் ஒருவர்தான். முதல்வர். நாள் முழுதும் கோப்புகளில் கையெழுத்துப் போடுகிறவர், பழக்கத்தில் அதே பேனாவால் இதையும் நிரப்பியிருக்கிறார்.

ஆசிரியர்களின் பணிச்சோர்வு பற்றிய அவளுடைய ஆய்வு அது. பெயர் எழுத வேண்டாம், யார் எழுதியது என்று யாருக்கும் தெரியாது என்று முதல் பக்கத்தில் அவளே உறுதி கொடுத்திருந்தாள். அதை நம்பித்தான் அறுபது பேர் மனம் திறந்திருந்தார்கள்.

பதினான்காவது கேள்வி: கடந்த ஆறு மாதத்தில் பணியிடத்தில் உங்கள் நலம் விசாரித்தவர்கள் எத்தனை பேர்?

ஒரு பூஜ்யம்.

அதன் கீழே, விரும்பினால் எழுதலாம் என்று விட்டிருந்த இடத்தில்:

'வீட்டிலும் இப்போது யாருமில்லை. இந்த மாதத்தோடு விருப்ப ஓய்வுக்கு எழுதிக் கொடுத்துவிடுவேன். அதற்குப் பிறகு என்ன என்று தெரியவில்லை.'

போன வாரம்தான், இரண்டு நிமிடத் தாமதத்துக்கு, மாணவர்கள் முன்னால் அவளை நிற்க வைத்துக் கேட்டவர். அவருடைய அறை வாசலைக் கடக்கும்போது அவளும் நடையை வேகமாக்குகிறவள்தான்.

அந்தப் பூஜ்யத்தில் தானும் ஒருத்தி.

நேராகப் போய்க் கேட்டால், யார் எழுதியது என்று கண்டுகொண்டது அவருக்குத் தெரிந்துவிடும். கூசிப்போவார்.

கேட்காமல் இருந்தால்?

கண்ணை மூடிச் சற்று நேரம் ஜெபித்தாள். பிறகு எழுந்து, மேல் மாடியிலிருந்து தொடங்கினாள்.

தாவரவியல். "சாப்டாச்சா சார்? உடம்புக்குப் பரவாயில்லயா?"

கணிதம். வணிகவியல். நூலகம்.

பொருளியல் துறை பியூலா கண்ணாடியை இறக்கிப் பார்த்தார். "என்ன மேடம், இதுவும் சர்வேயா? சாப்டேன்னா எத்தன மார்க்கு?"

சிரித்து முடித்ததும் பியூலாவின் குரல் இறங்கியது. மகளுக்கு நாலு நாளாகக் காய்ச்சலாம். யாரிடமும் சொல்லவில்லையாம்.

பதினேழு அறைகள்.

பதினெட்டாவது, முதல்வருடையது.

அவர் தலை நிமிரவில்லை. "என்ன வேணும்?"

"ஒண்ணும் வேண்டாம் சார். சாப்டாச்சான்னு கேக்க வந்தேன்."

பேனா நின்றது.

"எல்லார்ட்டயும் இப்படித்தான் கேக்குறீங்களா?"

"எல்லார்ட்டயும் கேட்டேன் சார்."

அது பொய்யாகிவிடக் கூடாது என்றுதான் இரண்டு மாடி ஏறி இறங்கியிருந்தாள்.

அவர் குனிந்து, டிபன் பாக்ஸை எடுத்து மேசைமேல் வைத்தார். திறக்கப்படவே இல்லை. மணி மூன்றரை.

"உக்காருங்கம்மா."

உட்கார்ந்தாள்.

அவர் மெல்லச் சாப்பிட்டார். மின்விசிறி மட்டும் சத்தம் போட்டுக்கொண்டிருந்தது.

மூடியைப் போடும்போது, அவளைப் பார்க்காமலே கேட்டார்.

"நாளைக்கும் கேப்பீங்களோ?"

"கேப்பேன் சார்."

வெளியே வந்து மாடிப்படியை நிமிர்ந்து பார்த்தாள். முழங்கால் வலித்தது.

நாளையும் பதினேழு அறைகள். அதற்குப் பிறகுதான் இந்த அறை.