நாலாவது கால்

கம்ப்யூட்டருக்குள் ஒரு மேசையைச் செய்து, அதைப் படமெடுக்க இரண்டு கேமராக்களைப் பக்கத்துப் பக்கத்தில் நிறுத்தினான் ஒருவன். இடது கண்ணுக்கு ஒன்று, வலது கண்ணுக்கு ஒன்று. வீட்டு டிவியில் சிவப்பு நீலக் கண்ணாடி போட்டுப் பார்த்தால் மேசை நிஜம்போலத் திரையை விட்டு எழுந்து நிற்க வேண்டும். அவ்வளவுதான் வேலை.

இடது கேமரா முதலில் வந்தது. அதனால் அண்ணன்.

"மேசைக்கு மூணு கால்" என்றது.

"எனக்கு நாலு தெரியுதுண்ணே" என்றது வலது.

"அப்போ நான் பொய் சொல்றேனா? எனக்குப் பின்னாடி வந்தவன் நீ. இந்தப் பக்கம் வந்து பாருடா."

தம்பி நகர்ந்தது. "இன்னும் லேசா தெரியுதே."

"இன்னும் வா. ஒரு வீட்டுக்குள்ள ரெண்டு பேச்சு கூடாது."

அண்ணனோடு ஒட்டி நின்றதும் நாலாவது கால் மறைந்துபோனது.

"மூணுதாண்ணே."

அவன் கண்ணாடி மாட்டிப் பார்த்தான். மேசை, சுவரில் ஒட்டிய நோட்டீஸ் மாதிரி தட்டையாகக் கிடந்தது. இரண்டு படங்களையும் ஒத்துப் பார்த்தான். மயிரிழை வித்தியாசம்கூட இல்லை.

"ரெண்டும் ஒண்ணையே காட்டுறதுன்னா இது எதுக்குத் தண்டமா?" என்று தம்பியை அழித்தான்.

"தங்கமான பையன்" என்றது அண்ணன். "சொன்ன பேச்சைத் தட்டவே மாட்டான்."