கேப்டன் வந்தானா

“நேத்துச் சாயங்காலம் எடுத்து மேலேதானே வச்சேன்!”

பழைய பேப்பர் கட்டை மூன்றாவது தடவையாகக் கலைத்துப் போட்டார் கணக்குப்பிள்ளை தனுஷ்கோடி. கதை முடிகிற இதழைக் காணவில்லை.

வெடிக்குக் காகிதக் குழாய் உருட்டும் பெண்கள் எல்லோரும் கஞ்சிச் சட்டியைக் கீழே வைத்துவிட்டார்கள். குருவம்மாள் மட்டும் குடித்துக்கொண்டிருந்தாள்.

அவளுக்கு அந்தக் கதையையும் பிடிக்காது, அதை வாசிக்கிறவரையும் பிடிக்காது.

எடைக்கு வந்த பேப்பர் கட்டுக்குள் ஒரு வாரப்பத்திரிகையின் பழைய இதழ்கள் கிடைத்தாலும் கிடைத்தன, பன்னிரண்டு நாளாக விஸ்வநத்தத்துக் கொட்டகைக்குள் பனிதான் பெய்கிறது. சாத்தூர் ஸ்டேஷன் சோடாக்கடையில் மரத்தூளுக்குள் கிடக்கும் கட்டியைத் தவிர இவர்கள் யாரும் ஐஸைக் கண்டதில்லை.

மத்தியானத்துக்கு ஒரு இதழ் வாசிப்பார். வாசித்ததை உருட்டக் கொடுத்துவிடுவார். அடுத்ததை அவரும் முன்கூட்டிப் பார்ப்பதில்லை, ருசி போய்விடுமாம்.

கதையைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். முடிந்ததும் கண்ணாடியைக் கழற்றிவிட்டு ஒரு பாடம் சொல்வாரே, அதைத்தான் தாங்க முடியாது.

பூமியின் அடிக்கோடியில் இருபத்துமூன்று பேர் போன கப்பல் பனியில் சிக்கி நொறுங்கிய அன்று சொன்னார்: “தலைவன் பேச்சைக் கேட்டு நடந்தா எந்த ஆபத்திலேயும் தப்பிச்சிரலாம்.”

“பேச்சைக் கேட்டுத்தானய்யா அங்கன போயி மாட்டுனானுக?” என்றாள் குருவம்மாள்.

ஒரு கவளத்தை மூன்று பேர் பங்கிட்டுத் தின்ற அன்று, சிக்கனம் என்றார்.

“எங்க உலைப்பானையை வந்து பாருங்க. உங்க கப்பலு தோத்துரும்.”

நேற்றைய பாடம் பொறுமை. கேப்டன் ஐந்து பேரோடு ஒரு சின்னப் படகில் ஏறி, ஆள் கூட்டிவருகிறேன் என்று போய்விட்டான். மிச்சப் பதினேழு பேர் ஒரு பாறைத்தீவில் கிடக்கிறார்கள். நாலு மாசம். தினமும் கேப்டனுக்கென்று ஒரு வாய் சோற்றை ஒதுக்கிவைத்துவிட்டுக் கடலையே பார்க்கிறார்கள்.

“நாலு மாசம்!” என்று தனுஷ்கோடி விரல் நீட்டிக் காட்டியபோது குருவம்மாளுக்குச் சிரிப்பு வந்தது.

அவள் புருஷன் சங்கிலிமுத்து, தைக்கு வந்துவிடுகிறேன் என்று சொல்லித்தான் பினாங்குக் கப்பலில் ஏறினான். எந்தத் தைக்கு என்று அவன் சொல்லவில்லை. இவளும் கேட்டுவைக்கவில்லை. பதினோரு தை போய்விட்டது.

அவள் கதை பழங்கதை. இன்றைக்குக் கொட்டகையே வாய் பார்த்து நின்றது பொன்னுத்தங்கத்துக்காக.

இருபத்திரண்டு வயசுப் பிள்ளை. அவள் புருஷனும் பினாங்குக்குத்தான் கப்பலேறினான். போய் மூன்று வருஷம். வந்தது ஒரே கடுதாசி. பழைய தாலியைத் தீர்த்துவிட்டு மறுதாலி கட்டிக்கொள்வது அவர்கள் சனத்தில் வழக்கம்தான். ஏழாயிரம்பண்ணையில் அப்பன் ஒருத்தனைப் பார்த்திருக்கிறார். பெண்டாட்டியைப் பறிகொடுத்தவன். பெண் பார்க்க வந்த அன்று, மாட்டுக்குத் தண்ணீர் காட்டிவிட்டுத்தான் தான் குடித்தான். பொன்னுத்தங்கத்துக்கும் ஆளைப் பிடிக்காமலில்லை. இன்று சாயங்காலம் பதில் சொல்ல வேண்டும்.

“அந்தக் கேப்டன் திரும்பி வந்துட்டான்னா, நானும் இருந்து பாக்கேன் அத்தை. வரலேன்னா அப்பா சொல்றபடி.”

காலையில் வரும் வழியில் குருவம்மாளிடம் இப்படிச் சொல்லியிருந்தாள். மத்தியானத்துக்குள் கொட்டகைக்கே தெரிந்துவிட்டது.

கோயிலில் பூக்கட்டிப் பார்ப்பவர்கள் உண்டு. பல்லி சொல்வதற்குக் காது கொடுப்பவர்கள் உண்டு. எவனோ ஒரு வெள்ளைக்காரன் வந்தானா என்று பார்த்துத் தன் தாலியை முடிவுசெய்கிறவளைக் குருவம்மாள் இப்போதுதான் பார்க்கிறாள்.

தனுஷ்கோடி கட்டை விட்டுவிட்டு எழுந்தார். “வந்திருப்பாரு. பொறுத்தார் பூமியாள்வார்னு சும்மாவா சொன்னாக?”

“பூமியை ஆளுறவுக ஆளட்டும். அவன் வந்ததை நீங்க பாத்தீகளா?”

“அது... இதழு கிடைச்சாத்தானே...”

“பாக்கலைல்ல? பெறகென்ன?”

பாவம், பொய் சொல்லத் தெரியாத மனுஷன். கண்ணாடியை மாட்டிக்கொண்டு மறுபடி கட்டைக் கலைத்தார்.

பொன்னுத்தங்கம் குருவம்மாளைப் பார்த்தாள். “வந்திருக்க மாட்டானா அத்தை?”

“படகு ஏறுனவன் எவன்டி திரும்புனான்? இந்நேரம் ஒரு வெள்ளச்சியைக் கட்டிக்கிட்டுப் பிள்ளகுட்டியோட இருப்பான். அங்கன பாறையில கிடக்கிறவனுகதான் கிறுக்கனுக. தினம் சோறு எடுத்துவச்சானுகளாம், சோறு!”

கொட்டகையே சிரித்தது. பொன்னுத்தங்கமும் சிரித்தாள். சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்தாள். கையிலிருந்த பசை கன்னத்தில் ஒட்டிக்கொண்டது.

“அப்ப, ஏழாயிரம்பண்ணைக்காரவுகளை வரச்சொல்லிருதேன்,” என்றாள்.

குருவம்மாள் சட்டியைக் கழுவிக் கவிழ்த்துவிட்டுக் குழாய் உருட்டும் கம்பியைக் கையில் எடுத்தாள்.

கொட்டகைக்கு முதலில் வருகிறவள் அவள்தான். காலையில் பொன்னுத்தங்கம் சொன்னதைக் கேட்டுக்கொண்டு அவள் உள்ளே வந்தபோது, அந்த இதழ் கட்டின் மேலேயே கிடந்தது.

அவளுக்கு ஒரு எழுத்தும் தெரியாது. ஆனால் படம் பார்க்க எழுத்து எதற்கு?

பக்கம் முழுக்கப் பாறை. பாறைமேல் தாடியும் எலும்புமாக ஆட்கள், எல்லோரும் கையை மேலே தூக்கியபடி. கடலில் ஒரு பெரிய கப்பல். அதற்கு முன்னால் ஒரு படகு. படகில் ஒருத்தன் எழுந்து நின்று தொப்பியை ஆட்டிக்கொண்டிருந்தான்.

பாறையில் இருந்தவர்களை விரல்வைத்து எண்ணினாள். பதினேழு. மறுபடி எண்ணினாள். பதினேழேதான். ஒரு ஆள் குறையவில்லை.

அந்தத் தொப்பியையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

பிறகு, “நாலே மாசத்துல வந்துட்டானாம், பெரிய இவன்!” என்று சொல்லிவிட்டு, அவன் முகத்தில் பசையைத் தடவிக் கம்பியில் உருட்டினாள்.