தீர்ப்பு வந்த மாலையில் ஜெபக்கூட்டம்

பிளெய்ன்ஸ்பரோ அப்பார்ட்மென்ட் வாசலில் ஜெபக்கூட்டத்துக்கு வந்தவர்களின் செருப்புகள் குவிகின்றன. பதினெட்டு வயதாகாத பெண் கருவைக் கலைக்குமுன் பெற்றோருக்குத் தெரிவித்தாக வேண்டும் என்ற சட்டம் நியூ ஜெர்சியின் அரசியல் சாசனப்படி செல்லாது என்று சமையலறை ரேடியோ தீர்ப்பைச் சொல்கிறது. சாய்ந்த வெயிலில் கேசரி கிளறும் டாக்டர் கிருபாராணி, அந்தச் சட்டத்தை எதிர்த்த வழக்கில் சாட்சி சொன்னவள். அன்றுமுதல் கூட்டத்தில் அவளை ஜெபிக்கச் சொல்வதில்லை, அவளுக்காகத்தான் ஜெபிக்கிறார்கள். "எல்லாரும் வந்தாச்சு, கிருபா. வால்யூம் கொஞ்சம் கம்மி பண்றேன்," என்று கணவன் தாமஸ் ரேடியோவைக் குறைக்கிறான். அவள் நெய் ஒட்டிய விரலால் சத்தத்தைத் திரும்பக் கூட்டுகிறாள். ஹாலில் பேச்சு அடங்குகிறது. கேசரியை நடுவில் வைத்தவள், கூட்டம் நடத்தும் எஸ்தர் ஆன்ட்டி பைபிளைத் திறக்குமுன் கண்களை மூடுகிறாள். "வீட்ல சொல்ல முடியாத பிள்ளைங்களுக்காக ஜெபிப்போம்." ஜெபத்தின் நடுவே யாரும் குறுக்கிடுவதில்லை. தலைகள் ஒவ்வொன்றாகக் குனிகின்றன.