புலியும் யானையும்

விளையாட்டுப் பிரியர்களுக்கென்றே 'புலி' கிரிப்டோ நாணயத்தை வெளியிட, ஈப்போ நகரத்துப் பிரஷாந்தன் வங்கி வேலையையே விட்டான். அடுத்த மாதமே தெலுக் இந்தானிலிருந்து தர்மினி 'யானை' நாணயத்தோடு வந்து குதித்தாள். உலகச் சந்தையே தங்கள் மடியில் கிடப்பதுபோல இருவரும் முகநூலில் அடித்துக்கொண்டார்கள்.

கடைசியில் சிம்பாங் பூலாய் கோப்பிக்கடையில் சமாதானமாகி, இரண்டையும் ஒன்றாக்கினார்கள்.

அன்றோடு விற்பனை நின்றது.

மறுவாரம் அதே கடையில் பிரஷாந்தன் புலம்பினான். "என்கிட்ட வாங்கிட்டிருந்தது ஒரே ஒரு ஆளுலா. இப்ப அவரையும் காணோம்."

தர்மினி நெளிந்தாள். "அது நான்தான் அண்ணே. வேவு பார்க்க வேற பேர்ல வாங்கினேன். எனக்கும் ஒரே ஒரு ஆளுதான். அவரும் போயிட்டாரு."

பிரஷாந்தன் கோப்பியைக் கலக்கிக்கொண்டே இருந்தான்.

"அவரு இனிமே வரமாட்டாரு, தங்கச்சி."